ஆற அமர ஒரு ஓரிகன் கடற்கரை ட்ரிப், செப்டம்பர்ல

அக்காவும் அத்தானும் செப்டம்பர் நடுவுல ஊர்லேர்ந்து வர்றாங்க, போர்ட்லாண்ட்லேர்ந்து கிளம்பி கடற்கரையோரமா அவங்களைக் கூட்டிட்டுப் போகணும்னு ஒரு வாரமா மேப்பும் நோட்டுமா உக்காந்திருக்கேன். அத்தானுக்கு முட்டி வலி உண்டு, அக்காவுக்கு நடக்கணும், எனக்கும் நடக்கணும், என் மனைவிக்குக் கடல் பக்கத்துல ஒரு புக்கோட உக்கார இடம் கிடைச்சாப் போதும். நாலு பேருக்கும் சரியா வர்ற மாதிரி யோசிக்க யோசிக்க இந்தக் கடற்கரையைப் பத்தி எனக்குள்ள ரொம்ப நாளா இருக்கிறதெல்லாம் சேந்து வந்துடுச்சு, அதான் எழுதிடறேன்.

அமெரிக்காவோட மேற்குக் கரையில இருக்கிற ஓரிகன் மாநிலத்தோட கடற்கரை மொத்தம் 363 மைல். வடக்கே அஸ்டோரியால கொலம்பியா ஆறு கடல்ல கலக்கற இடத்துல ஆரம்பிச்சு தெற்கே ப்ரூக்கிங்ஸ் தாண்டி கலிஃபோர்னியா பார்டர் வரைக்கும், ஹைவே 101 கூடவே வரும். இதை மூணு நாள்ல முழுசா முடிச்சிடணும்னுதான் நிறைய பேர் பிளான் போடறாங்க. ஓட்டி முடிச்சிடலாம், அதுல சந்தேகமே இல்ல, ஆனா வியூபாயிண்ட்ல இறங்கறது, ஃபோட்டோ எடுக்கறது, ஏறறது, அடுத்த வியூபாயிண்ட்னு அரக்கப் பரக்க ஓடி கடைசில எல்லா இடமும் ஒண்ணா குழம்பிப் போயிடும். இங்க நல்ல இடங்கள்ல பாதி ரோட்டுலேர்ந்து தெரியவே தெரியாது. காட்டுக்குள்ள ஒரு மைல் ரெண்டு மைல் நடந்து மரம் விலகி திடீர்னு கடல் தொறக்கறப்பதான் இந்த ஊரோட அருமை புரியும். அதனால என் முதல் முடிவு பாதிக் கடற்கரையை விட்டுடறது. கேனன் பீச்லேர்ந்து ஃப்ளாரன்ஸ் வரைக்கும் மட்டும், ஏறக்குறைய 160 மைல். நிறுத்தாம ஓட்டினா நாலு மணி நேரத்துல முடிஞ்சிடற தூரத்தை ஆறு நாளா பிரிச்சு வெச்சிருக்கேன்.

ஏன் செப்டம்பர்னா, கோடைல இங்க வந்தவங்களுக்குத் தெரியும், ஜூலைல போர்ட்லாண்ட் கொதிக்கும், ஒன்றரை மணி நேரம் ஓட்டி கேனன் பீச்ல இறங்கினா மூடுபனி, ஜில்லுனு காத்து, ஸ்வெட்டர் இல்லாம நிக்க முடியாது. கோடை முழுக்க வடக்குலேர்ந்து அடிக்கிற காத்து, பூமி சுத்தறதோட சேந்து கடலோட மேல் தண்ணியைக் கரையை விட்டு வெளிய தள்ளும், அந்த இடத்துக்கு ஆழத்துலேர்ந்து குளிர்ந்த தண்ணி மேல வரும், அது மேல ஈரக் காத்து பட்டா மூடுபனி. உள்நாடு சூடாக சூடாக அந்தப் பனியைத் தன் பக்கம் இழுக்கும். செப்டம்பர்ல வடகாத்தும் தணியும், உள்நாட்டுச் சூடும் தணியும், அதனால பனியும் குறையும். கடற்கரையில வருஷத்துலயே இதமான மாசம்னா செப்டம்பரைத்தான் சொல்வாங்க, பகல்ல 16லேர்ந்து 20 டிகிரி வரைக்கும் இருக்கும், நடக்கறதுக்குன்னே அளந்து வெச்ச மாதிரி. தண்ணி மட்டும் எப்பவும் போல 12, 13 டிகிரிதான், காலை நனைக்கலாம், குளிக்கிறதெல்லாம் வெட்சூட் போட்ட சர்ஃபிங் பசங்களுக்கு. இன்னொண்ணு, செப்டம்பர் முதல் திங்கள்கிழமை லேபர் டே, இங்க தொழிலாளர் தின லீவு, அது முடிஞ்சதும் ஸ்கூல் தொறந்து குடும்பக் கூட்டம் குறைஞ்சிடும். வார இறுதில கூட்டம் இருக்கும், ஞாயித்துக்கிழமை போயி வெள்ளிக்கிழமைக்குள்ள திரும்பினா பார்க்கிங்லயும் நிம்மதி, ரூம் வாடகையிலயும் நிம்மதி. அக்டோபருக்குத் தள்ளிப் போட வேண்டாம், மழை ஆரம்பிச்சிடும், மழைன்னா சும்மா தூறல் இல்ல, பசிஃபிக்லேர்ந்து புயல் வரிசை கட்டி வரும்.

வெளிச்சக் கணக்கையும் பாத்துக்கணும். மாச ஆரம்பத்துல எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி சூரியன் மறையும், மாசக் கடைசில ஏழு மணிக்கே மறைஞ்சிடும், ஒவ்வொரு நாளும் ரெண்டு நிமிஷம் போல முன்னாடி வந்துட்டே இருக்கும். காட்டுக்குள்ள அதுக்கும் முக்கால் மணி நேரம் முன்னாடியே இருட்டிடும். சாயங்காலம் நாலரைக்கு மேல புது ட்ரெயில் ஆரம்பிக்கிறதில்லைன்னு எங்க வீட்டுல சொல்லிட்டேன்.

வடக்குலேர்ந்து தெற்கா ஓட்டறதுதான் சரி. அப்படி வந்தா கடல் வலது பக்கம், நம்ம லேனை ஒட்டியே வரும், ஒதுங்கி நிறுத்தற இடம் எல்லாம் வலது கைப் பக்கம், எதிர்ல வர்ற வண்டியைக் கடந்து இடது பக்கம் திரும்பி நிக்கிற வேலையே இல்ல. மரம் ஏத்தின லாரியும் உள்ளயே தங்கற மாதிரி வீடு கட்டின பெரிய பெரிய ஆர்.வி. வண்டியும் பின்னாடி வரும், அவசரமா வர்றவனுக்கு ஒதுங்கி வழி விட்டுட்டு நாம நம்ம வேகத்துல போகலாம்.

தங்கறதுக்கு ரெண்டே ஊர். முதல் பாதி மான்சனிட்டா, ரெண்டாவது பாதி யஹாட்ஸ். தினம் ஒரு மோட்டல்னு மாத்தினா காலைல பெட்டி கட்டறதுலயும் சாயங்காலம் செக்-இன் பண்றதுலயும் நாளோட ரெண்டு நல்ல முனையும் போயிடும், கடற்கரையில அந்த ரெண்டு முனைதான் தங்கம். மான்சனிட்டால ஒரே ஊர்ல உக்காந்துக்கிட்டா கேனன் பீச், ஹக் பாயிண்ட், ஆஸ்வால்ட் வெஸ்ட் பார்க் எல்லாம் அரை மணி நேரத்துக்குள்ள. யஹாட்ஸ்ல உக்காந்தா கேப் பெர்பெட்சுவா வாசல்ல இருக்கு, ஹெசிட்டா ஹெட் இருவது நிமிஷம், நியூபோர்ட் அரை மணி சொச்சம்.

இந்த பிளானை எழுதி அக்காவுக்கு அனுப்பினேன், உடனே ஃபோன்.

"என்னடா இது, மதியத்துக்கு அப்புறம் ஒண்ணுமே எழுதல? விட்டுப் போச்சா?"

"இல்லக்கா, அது வேணும்னேதான் விட்டிருக்கேன்."

"இவ்ளோ தூரம் ப்ளேன் ஏறி வந்துட்டு மதியம் சும்மாவா இருக்கறது?"

அத்தான் பின்னாடிலேர்ந்து "சும்மா இருக்கத்தாம்மா வர்றோம்"னு சத்தமா சொன்னார், அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

மதியத்தைக் காலியா விடறதுக்குக் காரணம் இருக்கு. இந்தக் கடற்கரையில ஒரு நாளோட வரிசையை நாம முடிவு பண்றதில்ல, பனியும் காத்தும் டைடும்தான், அதாவது கடல் மட்டம் ஏறி இறங்கறதும்தான், முடிவு பண்ணும். செப்டம்பர்லயும் சில காலைல மூடுபனி இருக்கும், பத்து பதினொரு மணிக்கு மேல விலகும், மதியம் தாண்டினா காத்து எழும்பும், சாயங்காலம் திரும்பவும் அடங்கும். அதனால நான் பழகிக்கிட்ட வரிசை காலைல காடு, பகல்ல கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கிற மலை முனை, சாயங்காலம் மணல். பனி இருக்கறப்ப முனைல போயி நின்னா வெள்ளையா ஒரு சுவர்தான் தெரியும், ஆனா அதே பனில சிட்கா ஸ்ப்ரூஸ் காட்டுக்குள்ள நடந்தா இலை நுனிலேர்ந்து தண்ணி சொட்டிட்டே இருக்கும், பாசி எல்லாம் பளிச்சுனு பச்சையா இருக்கும், கடல் கண்ணுக்குத் தெரியாம காதுல மட்டும் கேக்கும். எனக்கு ரொம்பப் பிடிச்ச நேரம் அது. நேரத்தை இறுக்கிக் கட்டி வெச்சுட்டா இதெல்லாம் தொல்லையாத் தெரியும், காலியா விட்டு வெச்சா இதுவே ட்ரிப்பா மாறிடும்.

டைட் எல்லாத்துக்கும் மேல. ஒரு நாள்ல ரெண்டு ஹை டைட், ரெண்டு லோ டைட், தினம் அம்பது நிமிஷம் போல தள்ளிப் போகும். நாங்க போற நாட்களுக்கு டைட் டேபிளை எடுத்து நோட்டுல முதல் பக்கத்துல எழுதிட்டேன், அதுக்கு அப்புறம்தான் ஒவ்வொரு நாளுக்கும் இடம் போட்டேன். ஹக் பாயிண்ட் மாதிரி இடத்துக்கு இது இல்லாம போகவே கூடாது. கேனன் பீச்சுக்குத் தெற்கே இருக்கு அது. 101 வர்றதுக்கு முன்னாடி இந்தக் கடற்கரையில மணல்தான் ரோடு, குதிரை வண்டியும் அப்புறம் காரும் லோ டைட் பாத்து மணல்லயே போகும், நடுவுல இந்தப் பாறை மூக்கு கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருந்ததால வண்டி போக பாறையோட இடுப்புல ஒரு பாதையை வெட்டினாங்க. அது இன்னும் அப்படியே இருக்கு. பாறையை ஒட்டி ஒரு வண்டி அகலத்துக்கு வெட்டின தடம், வழுக்கற பாசி, பக்கத்துல சிப்பியும் பார்னக்கிளும் அப்பின சுவர். டைட் ஏறறப்ப அந்தத் தடத்துக்கு மேல அலை வரும், அந்தப் பக்கம் இருக்கிற குகையையும் சின்ன அருவியையும் பாத்துட்டு நிக்கிறவங்க மாட்டிக்குவாங்க. டைட் இறங்கிட்டு இருக்கறப்பவே போகணும், ஏற ஆரம்பிச்சதும் திரும்பிடணும்.

மணலே ரோடா இருந்ததாலதான் இந்த மாநிலத்துக்கு ஒரு பெரிய நன்மையும் வந்துச்சு. 1913ல கவர்னரா இருந்த ஆஸ்வால்ட் வெஸ்ட், அலை நனைக்கிற மணல் பரப்பைப் பொது ஹைவேன்னு சட்டம் கொண்டு வந்தார், ரோடு யாருக்கும் சொந்தமில்லையே, அதனால கரையும் யாருக்கும் சொந்தமாகல. 1960கள்ல ஒரு மோட்டல் தன் முன்னாடி இருந்த காஞ்ச மணலுக்கு வேலி போட்டப்ப பெரிய சர்ச்சையாகி, 1967ல டாம் மெக்கால் கவர்னரா இருக்கறப்ப பீச் பில் பாஸ் ஆச்சு, செடி முளைக்கிற கோடு வரைக்கும் மணல்ல நடக்கற உரிமை எல்லாருக்கும். இதனாலதான் பேர் பெத்த பீச் எதையும் தேடி அலைய வேண்டாம்னு சொல்றேன். எங்க பாதை தெரியுதோ அங்க இறங்கி நடக்கலாம், யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. நெனச்சுப் பாத்தா எவ்ளோ பெரிய விஷயம் இது.

மான்சனிட்டால இருக்கறப்ப நாங்க நடக்கப் போற பெரிய நடை கேப் ஃபால்கன். ஆஸ்வால்ட் வெஸ்ட் பார்க்ல வண்டியை விட்டா போயிட்டு வர அஞ்சு மைல் போல, ஏத்தம் அதிகமில்ல ஆனா வேர் நிறைய, ஈரமா இருந்தா சேறு. கடைசில மரம் எல்லாம் முடிஞ்சு சலால் புதர் ஆரம்பிக்கும், ஆள் உயரத்துக்கு மேல அடர்த்தியா வளந்து, நடுவுல பாதை ஒரு சுரங்கம் மாதிரி போகும், அது முடியற இடத்துல முனை. அத்தானும் என் மனைவியும் அதே பார்க்கிங்லேர்ந்து அரை மைல் நடந்து ஷார்ட் சாண்ட் பீச்ல இறங்கிடுவாங்க, ஓடைப் பக்கமா நல்ல பாதை, சர்ஃபிங் பண்றவங்களைப் பாத்துட்டு உக்கார கட்டைங்க நிறைய கிடக்கும். அக்காவுக்கு இன்னும் ஏறணும்னா நீகானி மலை இருக்கு, 1,600 அடிக்கு மேல, தெற்குப் பக்கத்து ட்ரெயில்ல போனா போக வர மூணு மைல்தான், உச்சில கீழ மான்சனிட்டாவும் நெஹேலம் விரிகுடாவும் விரிச்சு வெச்ச மேப்பாத் தெரியும். அந்த விரிகுடா பக்கத்து மணல் திட்டுல ஸ்னோவி ப்ளோவர்னு ஒரு சின்னப் பறவை முட்டை வைக்கும், மார்ச் 15லேர்ந்து செப்டம்பர் 15 வரைக்கும் காஞ்ச மணல் பக்கம் போகாம ஈர மணல்லயே நடக்கச் சொல்லி போர்டு வெச்சிருப்பாங்க, நாய், பட்டம் எதுவும் கூடாது. தேதி முடிஞ்சிருந்தாலும் ஈர மணல்ல நடக்கறதுதான் காலுக்கும் சுகம்.

கேனன் பீச்ல ஹேஸ்டாக் ராக், 235 அடி, எல்லாரும் போற இடம், நாங்களும் போவோம், லோ டைட் அன்னிக்குக் காலைல சீக்கிரமா. பஃபின் பறவையைப் பாக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், அதுங்க ஆகஸ்ட் முடியறதுக்குள்ள கடலுக்குள்ள போயிடும், செப்டம்பர்ல இருக்காது. பெலிக்கன் கூட்டம் இருக்கும். அலை உடையற கோட்டை ஒட்டி ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரிசையாப் பறந்து போகும், மணிக்கணக்கா பாக்கலாம்.

மான்சனிட்டாலேர்ந்து யஹாட்ஸ் மாறுற அன்னிக்கு ஒரே ஒரு நடைதான், கேப் லுக்அவுட். டில்லமூக்ல 101ஐ விட்டுட்டு கடல் பக்கமா த்ரீ கேப்ஸ் ரோட்டைப் பிடிக்கணும். முனை ஒரு நீளமான விரலா கடலுக்குள்ள போகுது, அது மேலயே பாதை, ஒரு பக்கம் ரெண்டரை மைல் போல, போயிட்டு வர அஞ்சு மைல். வழியில 1943ல இங்க மோதி விழுந்த ஒரு பி-17 விமானத்துக்கு நினைவுப் பலகை இருக்கு. கடைசி அரை மைல் செங்குத்தான பாறை விளிம்பை ஒட்டிப் போகும், சின்னப் பசங்க இருந்தா கையைப் பிடிச்சுக்கணும். கடைசில உக்கார ஒரு பெஞ்ச். அங்க பைனாகுலரோட உக்காந்தா கீழ க்ரே வேல் திமிங்கிலம் மூச்சு விடறது தெரிய நல்ல வாய்ப்பு இருக்கு. பெரிய கூட்டம் வடக்கே அலாஸ்கா போயிருந்தாலும் ஒரு சின்னக் கூட்டம் கோடை முழுக்க இந்தக் கரையிலயே மேஞ்சிட்டு அக்டோபர் வரைக்கும் இருக்கும். அத்தானுக்கு இந்த நடை வேண்டாம், அவருக்கு டீபோ பே. ஊர் நடுவுல ரோட்டோரமா சுவர், சுவருக்குக் கீழ கடல், பக்கத்துலயே திமிங்கிலம் பாக்கறதுக்குன்னு பார்க்ஸ் டிபார்ட்மெண்ட் நடத்தற சென்டர். ஒரு அடி நடக்காம திமிங்கிலம் பாக்கற இடம் அது.

கேஸ்கேட் ஹெட்டையும் அதே நாள்ல சேக்கலாமான்னு ரொம்ப யோசிச்சேன். சாமன் ஆத்து முகத்துவாரத்துக்கு மேல ஏறற புல்வெளி, செப்டம்பர்ல புல் எல்லாம் பொன்னிறமா மாறியிருக்கும், சில்வர்ஸ்பாட்னு அழியும் நிலைல இருக்கிற ஒரு பட்டாம்பூச்சிக்காகவே பாதுகாக்கற இடம், நாய்க்கு அனுமதி இல்ல. ரொம்ப அழகு. ஆனா கேப் லுக்அவுட் அஞ்சு மைல் நடந்த அன்னிக்கே இதையும் ஏறினா ரெண்டுமே மனசுல நிக்காது. விட்டுட்டேன். ரெண்டுல ஒண்ணு எதுன்னு யாராவது கேட்டா, வெயில் தெளிவா இருந்தா கேஸ்கேட் ஹெட், மேகமா இருந்தா லுக்அவுட்னு சொல்வேன்.

யஹாட்ஸ் போற வழில நியூபோர்ட்ல யக்வினா ஹெட். 1873லேர்ந்து எரியற லைட்ஹவுஸ், 93 அடி, ஓரிகன்லயே உயரமானது. ஆனா நான் அங்க போறது கீழ இருக்கிற காபிள் பீச்சுக்காக. படில இறங்கினா மணலே இல்ல, உருண்டை உருண்டையா கறுப்பு எரிமலைக் கல், முஷ்டி அளவுலேர்ந்து பூசணி அளவு வரைக்கும். அலை உள்ள வர்றப்ப சாதாரண சத்தம், திரும்பிப் போறப்பதான் கல்லு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு உரசி கலகலன்னு ஒரு சத்தம் கரை முழுக்க ஓடும். கண்ணை மூடிட்டு ஒரு பத்து அலை கேட்டா போதும், வேற எதுவும் வேணாம். நடக்கறப்ப மட்டும் கணுக்கால் பத்திரம்.

கேப் பெர்பெட்சுவாவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்கேன், இந்த ட்ரிப்போட மையமே அதுதான். 1778 மார்ச் 7ஆம் தேதி கேப்டன் ஜேம்ஸ் குக் கப்பல்லேர்ந்து இந்த முனையைப் பாத்து அன்னிக்குரிய புனிதையோட பேரை வெச்சார். கடல்லேர்ந்து 800 அடி உயரத்துல உச்சி, அதுவரைக்கும் கார் போகும், கீழ விசிட்டர் சென்டர்லேர்ந்து 1.3 மைல் ட்ரெயிலும் போகும், 700 அடி ஏத்தம், வளைஞ்சு வளைஞ்சு. நானும் அக்காவும் ஏறி வருவோம், என் மனைவி அத்தானைக் கார்ல கூட்டிட்டு வந்துடுவா, நாலு பேரும் மேல சந்திப்போம். நடக்க முடியறவங்க முடியாதவங்க ரெண்டு பேருக்கும் ஒரே உச்சி கிடைக்கிற இடம் அபூர்வம், அதனாலயே இந்த முனை மேல எனக்குத் தனிப் பிரியம். உச்சில 1930கள்ல வேலையில்லாத இளைஞர்களுக்கு அரசாங்கம் கொடுத்த வேலைத்திட்டத்துல, சிவிலியன் கன்சர்வேஷன் கோர்னு பேரு, அந்தப் பசங்க கட்டின ஒரு கல் மண்டபம் இருக்கு. தாழ்வான கூரை, கடல் பக்கம் தொறந்திருக்கும், உள்ள உக்காந்தா காத்து அடிக்காது, ஆனா கடல் முழுசாத் தெரியும். ரெண்டாம் உலகப் போர்ல அங்க உக்காந்துதான் கடலைக் கண்காணிச்சாங்க.

காலைல பனியா இருந்தா முதல்ல ஜயன்ட் ஸ்ப்ரூஸ் ட்ரெயில். ஓடைக் கரையோட ஒரு மைல், கிட்டத்தட்ட சமதளம், அத்தானும் மெதுவா வந்துடலாம். முடிவுல 185 அடி உயர சிட்கா ஸ்ப்ரூஸ், 500 வருஷத்துக்கு மேல வயசு. அடில வேருக்குக் கீழ ஒரு ஆள் குனிஞ்சு நுழையற அளவுக்கு ஓட்டை. அது எப்படி வந்துச்சுன்னா, அந்த மரம் முளைச்சது விழுந்து கிடந்த இன்னொரு பெரிய மரத்து மேல, வேர் அதைச் சுத்தி மண்ணுக்கு இறங்கிச்சு, கீழ இருந்த கட்டை நூத்துக்கணக்கான வருஷத்துல மக்கிப் போச்சு, அது இருந்த இடம் மட்டும் காலியா நிக்குது. அக்காவை அந்த ஓட்டைக்குள்ள உக்கார வெச்சு ஒரு ஃபோட்டோ எடுக்கணும்.

ஹை டைட் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கீழ பாறைக்கு இறங்கினா தார்ஸ் வெல். பாறைல ஒரு பெரிய வட்டக் குழி, அலை வந்து நிரம்பி பொங்கி, திரும்ப உள்ள உறிஞ்சிக்கும். தூரத்துலேர்ந்தே நல்லாத் தெரியும், ஓரத்துல போயி நின்னு ஃபோட்டோ எடுக்கறவங்களைப் பாத்தா எனக்கு வயித்தைக் கலக்கும், தயவுசெஞ்சு அது வேண்டாம்.

பயமுறுத்தறதுக்காகச் சொல்லல, ஆனா இந்தக் கடல் நம்மூர்ப் பழக்கத்துல இறங்கற கடல் இல்ல. ஸ்னீக்கர் வேவ்னு சொல்வாங்க, பத்து இருவது நிமிஷம் அமைதியா இருந்துட்டு திடீர்னு ஒரு அலை மத்ததை விட ரொம்ப மேல வரைக்கும் ஓடி வரும், எந்த முன்னறிவிப்பும் இருக்காது. கடலுக்கு முதுகு காட்டக் கூடாது. அலை எட்டற தூரத்துல கிடக்கிற பெரிய மரக்கட்டை மேல ஏறவே கூடாது, கொஞ்சம் தண்ணி வந்தாலும் அது மிதந்து உருளும், டன் கணக்குல எடை. ரோட்டோரமா சுனாமி ஆபத்துப் பகுதின்னு நீல போர்டு பாப்பீங்க, 1700 ஜனவரி 26ஆம் தேதி இங்க வந்த பூகம்பத்தோட சுனாமி ஜப்பான் வரைக்கும் போயி அங்க எழுதி வெச்ச குறிப்புலேர்ந்துதான் தேதியே தெரிஞ்சுது. பூமி ரொம்ப நேரம் ஆடினா சைரனுக்குக் காத்திருக்காம உயரமான இடத்துக்கு நடக்கணும். ரூமுக்குப் போனதும் எந்தப் பக்கம் மேடுன்னு ஒரு தடவை பாத்து வெச்சுக்கிட்டா போதும், அப்புறம் நிம்மதியாத் தூங்கலாம். செப்டம்பர் எல்க் மான்களுக்கு இணை தேடற காலம், ஆண் எல்க் முரட்டுத்தனமா இருக்கும், ரோட்டோரம் கூட்டமா நின்னா கார்லேர்ந்தே பாத்துக்கறது நல்லது.

புக்கிங் பத்தி சுருக்கமா. ஸ்டேட் பார்க் கேம்ப்சைட், யர்ட்னு சொல்ற வட்டக் கூடாரம் எல்லாம் ஆறு மாசம் முன்னாடியே தொறக்கும், செப்டம்பருக்கு மார்ச்லேயே பாக்கணும், விட்டுப் போனாலும் யாராவது கேன்சல் பண்றது அப்பப்போ வரும். பார்க்கிங் கட்டணம் சில பார்க்ல உண்டு சில இடத்துல இல்ல, கேப் பெர்பெட்சுவாவும் யக்வினா ஹெட்டும் மத்திய அரசோடது, நேஷனல் பார்க் வருஷ பாஸ் வெச்சிருந்தா அங்க செல்லும். சிக்னல் நிறைய இடத்துல கிடைக்காது, மேப்பை இறக்கி வெச்சுக்கோங்க. பெட்ரோல் ரொம்ப வருஷமா பங்க் ஆளுங்கதான் போடணும்னு சட்டம் இருந்துச்சு, 2023லேர்ந்து நாமளே போட்டுக்கலாம். துணி அடுக்கடுக்கா, மேல ஒரு மழை ஜாக்கெட், மாத்து சாக்ஸ் நிறைய.

பிளான் மாறறதுக்கு ரெண்டு காரணம்தான் வரும். ஒண்ணு மழை, மழை வந்தா காட்டு நடையை வெச்சுட்டு முனையை விட்டுடுவோம், அடர்த்தியான ஸ்ப்ரூஸ் கீழ பாதி மழைதான் இறங்கும். இன்னொண்ணு புகை. செப்டம்பர்ல உள்நாட்டுல காட்டுத்தீ எரிஞ்சுட்டு இருக்கும், கிழக்குக் காத்து திரும்பினா புகை கடற்கரைக்கும் வந்துடும், 2020 லேபர் டே காத்துல லிங்கன் சிட்டி பக்கத்துல ஓடிஸ் ஊர்ல வீடுகளே எரிஞ்சு போச்சு. கிளம்பற முந்தின ராத்திரி காத்தோட தரத்தையும் காத்து திசையையும் பாத்துட்டு, மோசமா இருந்தா ரெண்டு நாள் தள்ளிப் போடறதா அக்காகிட்ட முன்னாடியே சொல்லிட்டேன், அதனாலதான் திரும்பற டிக்கெட்டுக்கு நடுவுல நாள் விட்டு வாங்கச் சொன்னேன்.

இன்னும் நாலஞ்சு நாள் கையில இருக்கிறவங்க தெற்கையும் தனியா ஒரு ட்ரிப்பா போடுங்க. ப்ரூக்கிங்ஸ் பக்கத்துல சாமுவேல் போர்ட்மேன் காரிடார்னு 12 மைல், ஒவ்வொரு வளைவுலயும் ஒரு பாதை கடலுக்கு இறங்கும், பாறை வளைவும் தீவும் எங்க பாத்தாலும், ஓரிகன் கடற்கரையோட மொத்த அழகுல பாதி அங்கதான் இருக்குன்னு நான் நெனைக்கிறேன். அவ்ளோ நல்ல இடத்துக்கு மிச்ச நேரத்துல ஓடிப் போயி வரக்கூடாதுன்னுதான் இந்தத் தடவை விட்டேன். அங்க பாய்சன் ஓக் செடி உண்டு, தோல்ல பட்டா அரிக்கும், முழு பேன்ட் போட்டுக்கணும்.

கடைசி நாள் எங்களுக்கு லேசானது. காலைல ஹெசிட்டா ஹெட், 1894ல எரிய ஆரம்பிச்ச லைட்ஹவுஸ், கார் நிறுத்தற பீச்லேர்ந்து அரை மைல் ஏத்தம், அகலமான பாதை, அத்தான் ஒரு கம்பு ஊனிட்டு வந்துடறேன்னு சொல்லியிருக்கார். அப்புறம் ஃப்ளாரன்ஸ் தாண்டி ஹனிமேன் பார்க், அங்க க்ளியோவாக்ஸ் ஏரிக் கரையிலேர்ந்தே மணல் மேடு எழும்பும், தெற்கே கூஸ் பே வரைக்கும் 40 மைல் போற மணல் மேடுகளோட ஆரம்பம். அக்கா ஏறட்டும், நாங்க ஏரிக் கரையில இருப்போம். மதியம் ரெண்டு மணிக்குள்ள கிளம்பினா ஹைவே 126ஐப் பிடிச்சு யூஜீன், அங்கேர்ந்து ஐ-5 ஹைவே, இருட்டறதுக்கு முன்னாடி வீடு. மான்சனிட்டா ரூம் போட்டாச்சு, யஹாட்ஸ்ல கடல் பக்கம் கீழ்த் தளத்துல ரூம் கேட்டிருக்கேன், படி ஏற வேண்டாமே அத்தானுக்கு, பதில் வந்ததும் டைட் டேபிளோட சேத்து அக்காவுக்கு அனுப்பணும்.